கைப்பிடிச் சுவரில் ஒரு தலையணை

அத்தியாயம் 14

நாலாவது நாளாக முத்தம்மா அந்தத் தலையணையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

மஞ்சள் உறை. உறை முழுக்கப் பச்சைக் கிளிகள். உள்ளே இலவம் பஞ்சு. ராபின் கல்யாணத்துக்காக அவளே கொட்டை பொறுக்கி, அமுக்கி அமுக்கி அடைத்தது. மகன் தலை வைக்கிற தலையணை சப்பையாகப் போய்விடக் கூடாது என்று, இரண்டு தலையணைக்கு ஆகிற பஞ்சை ஒன்றிலேயே திணித்திருந்தாள். "ஒக்காந்தா முக்காலி, படுத்தா தலகாணி" என்று அவள் புருஷன் தேசப்பன் அன்றைக்கே கிண்டல் செய்தார்.

கைப்பிடிச் சுவரின் மேல் வைத்து, இரண்டு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்தாள். மணி ஏழு ஆகவில்லை, அதற்குள் பங்குனி வெயில் சுவரைச் சுட வைத்திருந்தது.

கழுத்துப் பிடித்துக்கொண்டால் தலையணையை வெயிலில் போட வேண்டும். கவரைப்பேட்டையில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. தலையணையில் சூடு ஏற ஏற, கழுத்தில் இருக்கிற பிடிப்பு இறங்கிவிடும். அவ்வளவுதான்.

ஆனால் ராபினுக்கு இறங்கவில்லை.

போன வாரம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தேசப்பன் மகனைச் சலூனுக்கு அழைத்துப் போனார். நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் நெட்டி எடுக்கச் சொன்னார். 'படக்' என்று ஒரு சத்தம். அன்று ராத்திரியே ராபினுக்கு வலது கை விரல்வரை மரத்துப் போனது. மறுநாள் சுகிர்தா மாமனாரிடம் ஒரு வார்த்தை பேசாமல், பெரியபாளையம் வழியாக பஸ் மாறி, புருஷனைத் திருவள்ளூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

அங்கே இருந்த பிசியோ அம்மா ராபினின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முதலில் கேட்டது வேலையைப் பற்றி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், பாதி நேரம் பின்பக்கம் பார்த்துக்கொண்டு ரிவர்ஸில்தான் போவேன் என்றான். இரண்டாவதாகக் கேட்டது தலையணையைப் பற்றி.

அதுதான் முத்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

அவள் கீழே இறங்கி வந்தபோது சுகிர்தா புருஷனைச் சுவரோடு சாய்த்து நிற்க வைத்திருந்தாள்.

"தாடைய உள்ள இழு. இன்னும். ரெட்டத் தாடை தெரியணும். அப்படியே புடி. மூச்ச அடக்காத."

"இன்னாடி இது, கோழி கழுத்த உள்ள இழுத்துக்கற மாதிரி?" என்றாள் முத்தம்மா.

"கோழிக்குக் கழுத்து வலி வந்து பாத்திருக்கீங்களா அத்த?"

ராபின் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் சுருங்கியது. வலது பக்கம் எதையாவது பார்க்க வேண்டும் என்றால் இப்போதெல்லாம் அவன் கால் முதலில் திரும்பும், பிறகு இடுப்பு, பிறகு தோள், கடைசியில்தான் முகம். சுகிர்தா வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, அவன் பிடரியில் போட்டாள்.

"அத்த, தலகாணி வெயில்ல காயறது நல்லதுதான். ராத்திரிக்கும் அங்கயே இருக்கட்டும். கீழ எடுத்தாராதீங்க."

"ஏன், என் தலகாணி இன்னா பாவம் பண்ணுச்சு?"

"பாவம் பண்ணல. ஒயரமா கீது. தல ஒரு பக்கம் தூக்கிக்கினு, கழுத்து ராவெல்லாம் வளைஞ்சே கெடக்குது. அதுமேல படுத்துக்கினு இவரு போன் வேற பாக்கறாரு."

முத்தம்மா டிபன் டப்பாவை மூடுகிற சத்தத்தில் பதில் இருந்தது.

இன்றைக்குச் சண்டைக்கு நேரமில்லை. இன்றைக்கு மெடிக்கல். எட்டு வருஷமாகக் கான்ட்ராக்டில் வண்டி ஓட்டுகிற ராபினின் பெயர் இந்தத் தடவை பெர்மனென்ட் லிஸ்டில் வந்திருந்தது. கடைசிப் படி இந்த மெடிக்கல்தான். டாக்டர் கம்பெனிக்கே வருகிறார். கண், ரத்த அழுத்தம், எடை எல்லாம் பார்ப்பார். கழுத்தைத் திருப்பச் சொல்வார்.

"நைனா, இங்க பாரு" என்று முத்தம்மா மகன் எதிரில் வந்து நின்றாள். "டாக்டரு கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லு. பல்ல கடிச்சுக்கினு திருப்பிடு. ஒரு நிமிசம். அவ்ளோதான். என் மேல சத்தியம் பண்ணு."

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு பைபிள்ல கீதும்மா."

"சரி, சத்தியம் வேணாம். வார்த்த குடு."

"சொல்லிட்டா வேற மாதிரி வண்டி, வேற சீட்டு ஏதாவது மாத்தித் தருவாங்க அத்த" என்றாள் சுகிர்தா.

"மாத்தித் தருவாங்களா, கேட்டத் தொறந்து உடுவாங்களா? உனக்குக் கம்பெனியப் பத்தி இன்னா தெரியும்?"

சுகிர்தா ராபினைப் பார்த்தாள். ராபின் தரையைப் பார்த்தான். குனிகிறதுகூட அவனுக்கு இப்போது சுலபமில்லை.

"சரிம்மா. சொல்லல" என்றான்.

வெளியே ஸ்டீவன் பைக் ஹாரன் அடித்தான். ராபினோடு ஒரே குடோனில் சரக்கு ஏற்றுகிறவன், சின்ன வயதிலிருந்து சிநேகிதன். ராபின் ஹெல்மெட்டை மாட்டும்போது கண்ணை இறுக்கி மூடித் திறந்ததை முத்தம்மா பார்த்தாள். பார்க்காத மாதிரி உள்ளே போனாள்.

*

கம்பெனி பஸ் வந்து நிற்கிற இடத்தில் ஈஸ்வரி முதல் ஆளாக நின்றிருந்தாள். முத்தம்மாவைப் போலவே ராபின் கம்பெனியில் கூட்டித் துடைக்கிற வேலை. அவளுக்குத் தெரிந்த விஷயம் பஸ் கும்மிடிப்பூண்டி போய்ச் சேருவதற்குள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

பக்கத்தில் துளசிராமன். ராபின் வண்டி ஓட்டுகிற டிஸ்பாச் குடோனுக்கு அவர்தான் ஷிஃப்ட் இன்சார்ஜ். முத்தம்மாவின் பின் தெருவில், மாடி பார்த்து மாடி இருக்கிற வீடு. இத்தனை வருஷத்தில் அவர் யாரையும் திரும்பிப் பார்த்துப் பேசியதில்லை. பின்னாலிருந்து "சார்" என்று கூப்பிட்டால் நிற்பார், அவ்வளவுதான். கூப்பிட்டவன் சுற்றிக்கொண்டு முன்னால் வர வேண்டும். மிஞ்சிப் போனால், இரும்புக் கேட் திறக்கிற மாதிரி முழு ஆளும் திரும்புவார். சிப்காட் தொழிற்பேட்டை முழுக்க அவருக்குக் கர்வம் பிடித்தவர் என்று பேர். முத்தம்மாவுக்கும் அவரைக் கண்டால் ஆகாது.

அவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"முத்தம்மா, உங்க மாடியில கிளி போட்ட தலகாணி நாலு நாளா காயுதே. யாருக்குக் கழுத்து?"

முத்தம்மா டிபன் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

நாலு நாளாக அவள் ஊருக்கே தண்டோரா போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மகன் வாயைத் தைத்துவிட்டு, மாடியில் தலையணையைப் பேச விட்டிருக்கிறாள். இன்றைக்கு மெடிக்கல். ராபினுக்கு ஆமா, இல்லை என்று முதலில் எழுதப் போகிறவரே இந்த மனுஷன்தான்.

"எனக்குத்தான் சார்" என்றாள். வாய் தானாகச் சொன்னது.

"இன்னாக்கா, எங்கிட்ட சொல்லவே இல்ல!" என்றாள் ஈஸ்வரி.

"நேத்திலேர்ந்துதான்" என்றாள் முத்தம்மா. நாலு நாளாகக் காய்கிற தலையணைக்கு நேற்று வந்த வலி. சொன்ன பிறகுதான் உறைத்தது. சட்டென்று கழுத்தை விறைப்பாக்கிக்கொண்டாள்.

"டாக்டர் வராரு இல்ல. நீயும் காட்டிக்கோ. பேர் குடுத்துடறேன்" என்றார் துளசிராமன்.

பஸ் வந்தது. முத்தம்மா படியேறும்போதே நடிப்பு ஆரம்பித்துவிட்டது.

*

நடிப்பதற்கு அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. இரண்டு வாரமாக ஒருவனைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவள். ராபின் எப்படித் திரும்புவானோ அப்படித் திரும்பினாள். முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு தோள், கடைசியில் முகம். வலது பக்கம் யாராவது கூப்பிட்டால் முழு ஆளும் திரும்பினாள்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி ஒரே பக்கமா பாத்துக்கினு போறியே! மாப்ள அந்தப் பக்கம் நிக்கிறாரா?" என்றாள் ஈஸ்வரி.

"உன் வாய்க்கு ஒரு சுளுக்கு வர மாட்டேங்குதே."

முதல் ஒரு மணி நேரம் விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு துடைப்பக் கட்டை தொட்டியில் இடித்தது. தரையில் இருந்த ஈரம் கண்ணில் படாமல் கால் வழுக்கியது. ஜன்னல் மேல்கம்பியைத் துடைக்க அண்ணாந்து பார்க்க முடியவில்லை. அதாவது, பார்க்க முடியாதவள் போல இருக்க வேண்டியிருந்தது. தோள்பட்டை இரண்டும் தானாக மேலே ஏறிக் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டன. இறக்கினாலும் மறுபடி ஏறின.

பத்தரை மணிக்குக் கேன்டீனில் தண்ணீர் குடிக்கப் போனாள். எல்லாரும் குடிக்கிற எவர்சில்வர் செம்பு. எடுத்து அண்ணாந்தாள். எதிரே துளசிராமன் டீ குடித்துக்கொண்டிருந்தார். அண்ணாந்த தலையை அப்படியே இறக்கினாள். கழுத்து வலிக்காரி எப்படி அண்ணாந்து குடிப்பாள்? தாகம் தொண்டையை வறட்டியது. வேறு வழியில்லாமல் செம்பில் வாயை வைத்து உறிஞ்சினாள்.

"ஐய! பொதுச் செம்புல வாய வெக்கிறியேக்கா!" என்றாள் ஈஸ்வரி.

முத்தம்மா செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

போன வாரத்துக்கு முந்தின வாரம். ராபின் வேலை முடிந்து வந்து, அடுப்படியில் செம்பை எடுத்து வாய் வைத்துக் குடித்தான். "எச்சி பண்றியே! எங்க கத்துக்கின இந்தப் பழக்கத்த? பொண்டாட்டி வந்தா எல்லாம் மாறிப்பூடுமா?" என்று அவள் கத்தினாள். அவன் செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

அண்ணாந்து குடிக்க முடியாதவனைத்தான் அன்றைக்கு அவள் அப்படிப் பேசினாள்.

செம்பை மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தலையைத் திருப்பினாள். வலது பக்கம் சுரீர் என்றது. நடிப்பில்லை. நிஜமாகவே.

*

மெடிக்கல் ரூமுக்குப் போகிற வழி டிஸ்பாச் குடோன் ஓரமாகத்தான். முத்தம்மா வாளியோடு அந்தப் பக்கம் போனபோது ராபின் வண்டியில் இருந்தான். முன்னால் சரக்கு ஆளுயரத்துக்கு மேல். அது வழியை மறைக்கும், அதனால் பின்பக்கமாகத்தான் ஓட்டியாக வேண்டும். இடது கை ஸ்டியரிங்கில். தலை வலது தோளுக்கு மேலாகப் பின்னால் பார்க்க வேண்டும்.

ஆனால் தலை பின்னால் போகவில்லை. பாதியில் நின்றது. மீதிக்கு அவன் சின்னக் கண்ணாடியை நம்பிப் போய்க்கொண்டிருந்தான்.

வலது பக்கத் தூண் மறைவிலிருந்து ஸ்டீவன் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

முத்தம்மாவுக்குக் கத்த வாய் வரவில்லை. வாளியை விட்டெறிந்தாள். தகரச் சத்தம் குடோன் முழுக்க அதிர்ந்தது. ஸ்டீவன் கைவண்டியைப் போட்டுவிட்டுத் துள்ளினான். ராபின் பிரேக்கை மிதித்தான். ஃபோர்க்லிஃப்டின் பின்சக்கரம் கைவண்டியின் கைப்பிடியை ஏறி நசுக்கிவிட்டு நின்றது.

ஸ்டீவன் நசுங்கின கைப்பிடியைப் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான்.

"டேய், கண்ணு எங்கடா கீது உனக்கு?"

"பாக்கலடா. சாரிடா. பாக்கல..." ராபின் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினான்.

பாக்கல இல்லை, பாக்க முடியல. அதைச் சொல்ல விடாமல் பார்த்துக்கொண்டது யார்? முத்தம்மா குனிந்து வாளியை எடுத்தாள். கொட்டின தண்ணீர் அவள் காலைச் சுற்றி ஓடியது.

பின்னால் குரல் கேட்டது.

"முத்தம்மா. இப்படி வா."

துளசிராமன். அவள் கால், இடுப்பு, தோள் என்று வரிசையாகத் திரும்பினாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெடிக்கல் ரூம் வெளி பெஞ்சுப் பக்கம் கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"கூட்டித் தொடைக்கறவங்களுக்குக் குனிஞ்சு குனிஞ்சு பின்கழுத்து புடிக்கும். இடுப்பு புடிக்கும். ரெண்டு பக்கமும் வலிக்கும். வலப் பக்கம் மட்டும் திரும்பாம போறது, ரிவர்ஸ் எடுக்கறவன் கழுத்து."

முத்தம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

"காலையிலேர்ந்து பாத்துக்கினு கீறேன். நீ நடக்கறது, திரும்பறது, தண்ணி குடிச்சது எல்லாம். அது உன் கழுத்தே இல்ல. உன் மவன் கழுத்து."

"சார், அவன் எட்டு வருசமா இந்த நாளுக்காக..."

"என்னப் பின்னாலேர்ந்து கூப்புடு."

"சார்?"

"பின்னால போயி நின்னு கூப்புடு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் போய் நின்று, "சார்" என்றாள். துளசிராமனின் கால் திரும்பியது. பிறகு இடுப்பு. பிறகு தோள். கடைசியில்தான் முகம்.

எத்தனை வருஷமாகப் பார்த்த திருப்பம். இன்றைக்குத்தான் தெரிந்தது.

"நானும் இதே குடோன்ல வண்டி ஓட்டுனவன்தான். மொதல்ல லேசா புடிச்சுது. தைலம் தேச்சேன். சலூன்ல நெட்டி எடுத்தேன். மாத்திர போட்டுக்கினு ஓட்டுனேன். யாருக்கும் சொல்லல. இப்ப மொத்தமாவே திரும்பறதில்ல." அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "கர்வம்னு சொல்றானுங்க. சொல்லட்டும்னு உட்டுட்டேன். கர்வம்னா வேல போவாது. கழுத்துன்னா போயிடும்."

"நீங்க டாக்டரப் பாக்கலியா சார்? என் மருமவ சொல்றா, திருவள்ளூர்ல பிசியோ அம்மா ஒருத்தங்க..."

"பாத்தா ஊரு பாக்கும்." அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "உன் மவனுக்கு இப்பதான் ஆரம்பம். சரி பண்ணிடலாம். சீட்டு மாத்தி, கண்ணாடி மாத்தி, நடுநடுவுல எறக்கி உட்டா ஓட்டுவான்னு நான் எழுதித் தரேன். ஆனா மொதல்ல அவன் சொல்லணும். அவன் சொல்லாதத நான் எழுத முடியாது."

*

மெடிக்கலுக்கு வரிசையில் நின்றவர்களில் ராபின் மூன்றாவது ஆள். அம்மா வருவதைப் பார்த்ததும் முகம் மாறியது.

"போம்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"நான் வாயத் தொறக்காதன்னு சொன்னேன் இல்ல நைனா?"

"ஆமா. வார்த்த குடுத்துட்டேன்."

"அத நான் திருப்பிக் குடுத்துட்டேன். சொல்லிடு."

அவன் அவளையே பார்த்தான். "பெர்மனென்ட் போயிடும்மா."

"ஸ்டீவனு காலு போயிருந்தா?"

ராபின் குடோன் இருக்கிற பக்கம் திரும்பினான்.

"அன்னிக்குச் செம்புல வாய வெச்சுக் குடிச்சியே, ஏண்டா அப்பவே சொல்லல? நான் கத்தறேன், நீ கழுவி வெச்சுட்டுப் போற. சொல்லக் கூடாதா, அண்ணாந்து குடிக்க முடியலம்மான்னு?"

"நீ பயந்துக்குவன்னுதான்."

"நான் பயந்து பயந்து இன்னா ஆச்சு பாரு."

உள்ளேயிருந்து ராபின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் போனான். கதவு மூடியது.

அந்தக் கதவுக்கு வெளியே நின்ற நேரம் எவ்வளவு என்று முத்தம்மாவுக்குத் தெரியாது. ஈஸ்வரி வந்து ஏதோ கேட்டாள். அவளுக்குக் காதில் ஏறவில்லை.

கதவு திறந்தபோது ராபின் முகத்தில் அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. நெடுநேரம் தலையில் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவன் மாதிரி இருந்தான்.

"சொல்லிட்டேன். திங்கக்கெழம திருவள்ளூர்ல ஸ்கேன் எடுத்தாரணும். அதோட இன்சார்ஜ் லெட்டரும் வேணும். ரெண்டையும் பாத்துட்டுத்தான் பெர்மனென்ட்டா இல்லையான்னு சொல்வாங்களாம். அது வரைக்கும் வண்டியத் தொடக் கூடாது. டேபிள்ல ஒக்காந்து சரக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டணும்."

"கழுத்தக் குனிஞ்சுக்கினா?"

"டேபிள ஒசத்திப் போட்டுக்க சொன்னாரு டாக்டரு. அர மணிக்கு ஒருக்கா எழுந்து நடக்க சொன்னாரு."

போகவும் இல்லை, கிடைக்கவும் இல்லை. ஆனால் இன்னும் இருக்கிறது. முத்தம்மா மூச்சை விட்டாள்.

"அடுத்து யாரு? கழுத்து வலின்னு பேர் குடுத்த அம்மா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஈஸ்வரி அவளைப் பிடித்து உள்ளே தள்ளினாள்.

டாக்டர் தலையைத் திருப்பச் சொன்னார். முத்தம்மா இனிமேல் நடிக்க வேண்டாம் என்று நினைத்துத் திருப்பினாள். "ஆ!" என்று அலறினாள்.

"எப்பலேர்ந்து?"

"இன்னிக்குக் காலையிலேர்ந்து."

"இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார். திருப்பாம வெச்சிருந்தேன்."

டாக்டர் அவள் தோளை அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அதாம்மா வெனை. நல்ல கழுத்தக் கட்டிப் போட்டாலும் புடிச்சுக்கும். கொஞ்சம் கொஞ்சமா ஆட்டிக்கினே இருக்கணும். வெந்நீர் ஒத்தடம் குடுங்க. தோள எறக்குங்க மொதல்ல, யாரும் உங்கள அடிக்க வரல."

*

அன்று சாயங்காலம் வீட்டுச் சுவரில் இரண்டு பேர் சாய்ந்து நின்றார்கள். அம்மாவும் மகனும்.

"தாடைய உள்ள இழுங்க அத்த. ரெட்டத் தாடை தெரியணும்."

"எனக்கு எப்பவும் ரெட்டத் தாடைதானேடி."

"அப்ப மூணு தெரியணும்."

தேசப்பன் வாசலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். சலூன் விஷயத்துக்குப் பிறகு அவர் கழுத்து சம்பந்தமாக எதுவும் சொல்வதில்லை. "நான் தண்ணிய சுட வெக்கட்டுமா?" என்று மட்டும் மெல்லக் கேட்டார். சுகிர்தா ஒரு வாரம் கழித்து முதல் தடவையாக அவரைப் பார்த்து, "வெய்யுங்க மாமா" என்றாள். அவர் அவ்வளவு வேகமாக எழுந்ததை யாரும் பார்த்ததில்லை.

துண்டு பிடரியில் இருக்க, முத்தம்மா மாடியேறினாள். வெயில் சாய ஆரம்பித்திருந்தது, சுவர் மட்டும் இன்னும் சுட்டது. கிளித் தலையணை உப்பிப் போய், காலையில் இருந்ததைவிட உயரமாக உட்கார்ந்திருந்தது.

எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தாள். பிறகு ஓரத் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். பஞ்சைக் கை கையாக வெளியே எடுத்தாள். பாதிக்கு மேல் எடுத்த பிறகு தலையை அதன் மேல் வைத்து, மொட்டை மாடித் தரையில் படுத்துப் பார்த்தாள். கழுத்து நேராக இருந்தது.

சுகிர்தா படியில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்த..."

"மீதி பஞ்சுல உனக்கு ஒண்ணு தைக்கலாம். சப்பையா" என்றாள் முத்தம்மா, படுத்தபடியே.

ராபின் போனைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே வந்தான். குனியாமல், போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தான். சுகிர்தாவின் உத்தரவு.

"துளசிராமன் சார் மெசேஜ் போட்டிருக்காரும்மா. திங்கக்கெழம அவரும் நம்மகூட திருவள்ளூர் வராராம். அந்தப் பிசியோ அம்மாவப் பாக்கணுமாம். எனக்கு லெட்டர் எழுதி கையெழுத்துப் போட்டு, மேல போய்ச் சேர்ற வரைக்கும் அவரு கழுத்து விசயம் யாருக்கும் தெரிய வேணாமாம். எழுதிக் குடுக்கறவன் கழுத்தே இப்படின்னு தெரிஞ்சா, அந்த லெட்டர எவன் மதிப்பான்னு கேக்கறாரு."

"நாம எதுக்குச் சொல்லப் போறோம்?" என்று முத்தம்மா எழுந்தாள். எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பின் தெருவில், துளசிராமன் வீட்டு மாடி. கைப்பிடிச் சுவர். சுவரின் மேல் கடைசி வெயில். அந்த வெயிலில், வெள்ளை உறை போட்ட தலையணை ஒன்று, இரண்டு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்து.

இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாதவர், இன்றைக்கு வீட்டில் மட்டும் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டம்மா கேட்ட கையோடு தலையணையைத் தூக்கிக்கொண்டு மாடியேறியிருக்கிறாள். முத்தம்மாவுக்கு அந்தப் பொம்பளையைத் திட்டவும் தோன்றவில்லை, சிரிக்கவும் தோன்றவில்லை.

"ராபினு, அவருக்குப் போன் போடு. சீக்கிரம். தலகாணிய..."

அதற்குள் அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. ஈஸ்வரி. துளசிராமன் வீட்டுக்கு மறுபக்கத் தெருவில், எதிர் மாடி அவளுடையது.

"அக்கா! மாடிக்கு வந்து பாத்தியா?" குரலில் ஒரே குதூகலம். "இன்சார்ஜ் ஊட்ல தலகாணி காயுது! யாருக்குக்கா கழுத்து?"

காலையில் இதே கேள்விக்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது. எனக்குத்தான் என்று சொல்ல முடிந்தது. அடுத்த வீட்டு மாடிக்கு அந்தப் பதிலைச் சொல்ல முடியாது.

முத்தம்மா போனைக் காதில் வைத்தபடி, மகன் நிற்கிற வலது பக்கமாகக் கழுத்தை மெல்லத் திருப்பினாள்.

பாதி வரைக்கும்தான் வந்தது.